இருதய வாயிலும் முடிநாடிக் காப்பும்

உடலுறுப்புகளுக்கெல்லாம் உதிரம் அளிப்பது இருதயம். அவ்விருதயத்துக்கு உதிரம் அளிப்பது யாதென வினவின், முடிநாடிகள் இரண்டென்க. பெருநாடி இருதயத்தினின்று புறப்படும் வாயிலில் மூவிதழ் வால்வு ஒன்று உண்டு. அவ்விதழ்களுக்குச் சற்று மேலே இந்நாடிகளின் வாய்கள் அமைந்துள. மதகை அடுத்தே முதற் கால்வாய் பிரிதல் போல்வது இவ்வமைப்பு.

முதுமையில் இதழ்களிற் சுண்ணம் படிந்து வாயில் குறுகுவதுண்டு. மார்பைத் திறந்து, பழைய இதழ்களை அறுத்தெடுத்துப் புது வால்வைத் தைத்தலே நெடுங்காலம் பரிகாரமாயிருந்தது. அதனைத் தாங்கவியலாதார்க்கு வேறு வழி அரிதாயிற்று. 2002-ம் ஆண்டு ஏப்ரல் 16-ம் நாள், பிரான்சு தேசத்து ரூவான் நகரில் அலேன் கிரிபியே என்னும் வைத்தியர், இரத்தக் குழாய் வழியே கதீட்டரைச் செலுத்திப் புது வால்வை உள்ளே விரித்து வைத்தார்.

இம்முறையில் பழைய இதழ்கள் அகற்றப்படுவதில்லை. புது வால்வின் சட்டம் அவற்றைப் பக்கத்தே ஒதுக்குகின்றது. ஈண்டே இடர் தோன்றும். ஒதுங்கிய இதழ் முடிநாடியின் வாயை மூடிவிடின், இருதயத் தசை உதிரமின்றி வாடும். இயற்கை வால்வுடையாருள் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேரினும், நேர்ந்தாருட் பலர் பிழைத்திலர். முன்னர்த் தைத்த திசு வால்வினுள் மற்றொன்றை வைக்குங்கால் இடர் இன்னும் மிகும்.

ஆகவே முதற் காப்பு அளவையே. சி.டி. படம் எடுத்து, நாடிவாயின் உயரத்தையும் அவ்விடத்துப் பெருநாடிக் குடாவின் அகலத்தையும் கணிப்பர். உயரம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டருக்கும், அகலம் 30 மில்லிமீட்டருக்கும் குறையின் எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாவது, மெல்லிய கம்பியை முடிநாடியினுள் முன்னரே செலுத்தி, விரியாத ஸ்டெண்டு ஒன்றை அதன்மீது ஆயத்தமாக வைத்தல். வாய் அடைபடின் அதனைச் சிறிது பின்னிழுத்து விரித்து, புகைபோக்கிபோல் வழி அமைப்பர், அடைபடாவிடின் எடுத்துவிடுவர்.

மூன்றாவது, 2018-ல் அமெரிக்க வைத்தியர் வெளியிட்ட பாசிலிக்கா முறை. மின்னூட்டிய கம்பியால் பழைய இதழைத் துளைத்து நெடுக்காகக் கிழித்தலே அது. கிழிந்த திரைச்சீலையினூடு ஒளி புகுமன்றோ? அவ்வாறே கிழிந்த இதழினூடு உதிரம் புகும்.

இவையும் குற்றமற்றனவல்ல. புகைபோக்கி ஸ்டெண்டு வால்வின் சட்டத்துக்கும் பெருநாடிச் சுவருக்குமிடையே நசுங்கலாம். பிற்காலத்தில் அந்நாடியை மீண்டும் அணுகுதலும் அரிதாகலாம். இதழ் கிழித்தலோ கைதேர்ந்தார்க்கே இயல்வது. ஆதலின், எல்லார்க்கும் எல்லாக் காப்பும் என்பது நெறியன்று. இடருடையாரை முன்னரே அறிந்து, அவர்க்கு ஏற்றதைத் தேர்தலே நெறி.

இலக்கியம் பயிலும் யாம் இப்பொருளை எழுதப் புகுந்தது வைத்தியம் கற்பித்தற்கன்று. நம் இல்லத்து முதியோர்க்கு இச்சிகிச்சை வேண்டுமெனக் கூறப்படுங்கால், "நாடிவாயின் உயரம் அளக்கப்பட்டதோ?" என ஒரு வினா எழுப்புதற்கேனும் இஃது உதவுமென்பது எம் துணிபு.