வெயிலில் காட்டினால் போகாத மஞ்சள்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தெரிஞ்சா எங்க கச்சிராயபாளையம் பக்கம் காலை வெயில்ல காட்டுவாங்க. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அதுவே போயிடும். போகாமல் நீடித்து, மலமும் சுண்ணாம்பு மாதிரி வெளிறி வந்தா விஷயம் வேற. மலத்துக்கு நிறம் தருவது பித்தம். அதைக் கல்லீரலிலிருந்து குடலுக்குக் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருக்கலாம்.

இதற்கான அறுவை சிகிச்சையை 1950களில் உருவாக்கியவர் ஜப்பானின் மோரியோ கசாய். (கஷாயம் இல்லீங்க!) அடைபட்ட குழாயை எடுத்துவிட்டு, குடலையே கல்லீரலோடு இணைப்பார்கள்.

யாருக்குப் பலன் தரும்? கணிக்க இரண்டு எண்கள் முக்கியம். முதலாவது, சிகிச்சையன்று குழந்தையின் வயது. 60 நாளுக்குள் என்றால் நல்லது. நாள் தள்ளத் தள்ளக் கல்லீரல் தழும்பேறும். அடுத்தது, சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் ரத்தத்தில் உள்ள பிலிருபின். டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், சொந்தக் கல்லீரலோடு வளரும் வாய்ப்பு அதிகம். இறங்காவிட்டால் கல்லீரல் மாற்றுக்குத் தயாராகணும். 1998இல் டெல்லி அப்போலோவில் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பெற்ற காஞ்சிபுரத்துக் குழந்தைக்கும் இதே நோய்தான். அவர் வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

இரண்டாவது எண் நம் கையில் இல்லை. முதல் எண் இருக்கு. தைவானில் 2004 முதல் மல நிற அட்டையை வைத்தே தாய்மார்கள் கண்டுபிடிக்கிறார்கள். இங்கே 45ஆம் நாள் தடுப்பூசிக்குப் போகும்போது சொல்லிக்கலாம்னு இருந்தா, மிஞ்சுவது 15 நாள்தான். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தா, அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டி நேரடி பிலிருபின் சோதனை கேளுங்க.