மாத்திரைக்குப் பின் அரிப்பா?

மேற்கு மாம்பலத்தில் ஒருவர் ஆண்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் ஆண் உறுப்பின் நுனியில் சிவப்பு, அரிப்பு, தயிர் போல வெள்ளைப் படிவு! மேகநோயோ என்று மிரண்டுபோகிறார். மனைவியிடம் கூட மூச்சு விடவில்லை.

பெரும்பாலும் அது 'காண்டிடா' என்ற காளான்தான். நம் உடம்பிலேயே இருப்பது. மாத்திரை நல்ல கிருமிகளையும் கொன்றுவிட, தட்டிக் கேட்க ஆளில்லாமல் பெருகிவிடுகிறது. வாயிலும் வரலாம்.

1950-ல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் காளானுக்கு மருந்து கண்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரால் அது 'நிஸ்டாடின்' ஆயிற்று. இன்று குளோட்ரிமசோல் களிம்பும் உண்டு.

கடையில் கேட்டு ஸ்டிராய்டு கலந்த களிம்பைப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும், நோய் முற்றும். சோப்பு வேண்டாம், தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மனைவிக்கும் அரிப்பு இருந்தால் இருவருமே காட்டுங்கள். அடிக்கடி வந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். நீரிழிவு முதலில் இப்படித் தலைகாட்டுவதும் உண்டு.