நல்ல கொழுப்பும் கெட்ட கொழுப்பும்: ஓர் இடமாற்றுப் புரதம் கற்பித்த பாடம்

குருதிப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது இரண்டு எண்களை. ஒன்றை 'நல்ல கொழுப்பு' என்றும் மற்றொன்றைக் 'கெட்ட கொழுப்பு' என்றும் வழங்குகிறோம். இவ்வழக்கு எளிமையானது, வகுப்பறைக்கும் ஏற்றதுபோல் தோன்றுவது. ஆயினும், 'நல்ல' என்னும் ஒரு பெயரடையின் பின்னே அறிவியலே சில காலம் சென்றது. அதனால் நேர்ந்த இழப்பை அறிந்தால், கலைச்சொல்லை ஆள்வதில் நாம் ஏன் விழிப்பாய் இருத்தல் வேண்டும் என்பது விளங்கும். அவ்வரலாற்றின் நடுவே நிற்பது, கொலஸ்டிரால் எஸ்டர் இடமாற்றுப் புரதம்.

முதலில் அடிப்படையைக் காண்போம். கொலஸ்டிரால் நஞ்சன்று. உயிரணுச் சவ்வுகளின் அமைப்பிற்கு அது வேண்டும். பித்தநீர் அமிலங்களும் பல ஹார்மோன்களும் அதிலிருந்தே உருவாகின்றன. ஆனால் அது நீரில் கரைவதில்லை. ஆகவே, உடல் அதனைப் புரதம் சூழ்ந்த நுண்துகள்களில் பொதிந்து குருதியில் அனுப்புகிறது. இத்துகள்களே கொழுப்புப்புரதங்கள். தாழடர்த்திக் கொழுப்புப்புரதம் தமனிச் சுவரினுள் புகுந்து தங்குவதால், ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவர் தடித்து மாரடைப்பிற்கு வழி பிறக்கிறது. உயரடர்த்திக் கொழுப்புப்புரதமோ உயிரணுக்களில் மிகுந்த கொலஸ்டிராலை ஏற்றுக் கல்லீரலுக்குத் திரும்பக் கொணர உதவுகிறது. ஆக, கொலஸ்டிராலில் இரு வகை இல்லை. பொருள் ஒன்றே, அதனைச் சுமக்கும் ஊர்திகளே வேறு.

இவ்வூர்திகளுக்கிடையே பண்டமாற்று நடத்துவதே நம் புரதத்தின் தொழில். 476 அமினோ அமிலங்களால் ஆன இதனைப் பெரும்பாலும் கல்லீரல் சுரக்கிறது. வாழைப்பழம்போல் வளைந்த இதன் உடலினுள் நீண்டதொரு சுரங்கவழி இருப்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான படிக ஆய்வு காட்டியது. உயரடர்த்தித் துகளிலிருந்து கொலஸ்டிரால் எஸ்டரை எடுத்துத் தாழடர்த்தி, மிகத் தாழடர்த்தித் துகள்களுக்கு இது கொடுக்கிறது. அவற்றிலிருந்து டிரைகிளிசரைடைப் பெற்று உயரடர்த்தித் துகளில் சேர்க்கிறது. 'மாற்றுப் புரதம்' எனின் ஒன்றற்குப் பதிலாக வந்த புரதம் என்று பொருள் மயங்கும். எனவே 'இடமாற்றுப் புரதம்' என்பதே தகும். டிரைகிளிசரைடு ஏறிய உயரடர்த்தித் துகளைக் கல்லீரலின் நொதி சிறுக்கச் செய்ய, அது குருதியிலிருந்து விரைவில் நீங்குகிறது. நீரிழிவுற்றோரிடம் டிரைகிளிசரைடு மிகும்போது 'நல்ல கொழுப்பு' குறைந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்புரதத்தைத் தடுத்தால் இதயம் காக்கப்படும் என்ற எண்ணத்திற்குச் சான்றுகள் இருந்தன. எலிகளிடம் இப்புரதம் இல்லை. அவற்றுக்குத் தமனித் தடிப்பு எளிதில் வருவதில்லை. முயல்களிடம் இது மிகுதி. அம்முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டித் தமனித் தடிப்பை உண்டாக்கிக் காட்டினார் உருசிய அறிஞர் நிக்கொலாய் அனிச்கோவ், 1913இல். அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய பிரேமிங்காம் ஆய்வு, உயரடர்த்திக் கொலஸ்டிரால் குறைந்தவர்களிடையே இதயநோய் மிகுதி என்று பின்னர்க் கண்டது. இம்மரபணு பழுதுற்ற சப்பானியக் குடும்பத்தினரிடம் அக்கொலஸ்டிரால் மிக உயர்ந்திருப்பதை 1990இல் ஆய்வாளர் அறிவித்தனர். இவற்றையெல்லாம் இணைத்து, 'நல்லதை உயர்த்தினால் நோய் தாழும்' என்று முடிவு கட்டினர்.

முதல் மருந்தான டார்செட்ராபிப், ஏறத்தாழ 15,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. உயரடர்த்திக் கொலஸ்டிரால் 72 விழுக்காடு உயர்ந்தது. தாழடர்த்திக் கொலஸ்டிரால் 25 விழுக்காடு குறைந்தது. எண்கள் மகிழ்ச்சி தந்தன, மனிதர்கள் மாண்டனர். மருந்து பெறாத பிரிவில் 59 பேர் இறக்க, பெற்ற பிரிவில் 93 பேர் இறந்தனர். குருதி அழுத்தமும் ஆல்டோஸ்டிரோனும் உயர்ந்திருந்தன. 2006 திசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. இம்மருந்துக்கே உரிய தீமை அது என்று கருதி, வேறு மருந்துகளை முயன்றனர். டால்செட்ராபிப் பயனின்றி 2012இல் கைவிடப்பட்டது. எவாசெட்ராபிப் 'நல்ல கொழுப்பை' இருமடங்குக்கு மேல் உயர்த்தியும் மாரடைப்பைக் குறைக்கவில்லை. அதன் சோதனை 2015இல் நின்றது.

2017இல் வெளியான அனாசெட்ராபிப் ஆய்வே புதிருக்கு விடை காட்டியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பெரிய இதய நிகழ்வுகள் 11.8 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாகக் குறைந்தன. ஆனால் இச்சிறு நன்மை, தமனியைத் தாக்கும் தாழடர்த்தி வகைத் துகள்கள் குறைந்த அளவுக்கே ஒத்திருந்தது. 'நல்ல கொழுப்பு' இருமடங்கானதற்கெனத் தனிப் பயன் தென்படவில்லை. உயரடர்த்திக் கொலஸ்டிராலை மட்டும் பிறப்பிலேயே உயர்த்தும் வேறொரு மரபணு வேறுபாட்டை உடையோர்க்கும் மாரடைப்பு குறையவில்லை என்பதை 2012இல் வெளியான மரபணு ஆய்வு முன்னரே உணர்த்தியிருந்தது.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது நம் மக்களின் பட்டறிவு. அதற்காகத் தட்டான்களைப் பிடித்துத் தாழப் பறக்கவிட்டால் மழை பெய்யாது. அறிகுறி வேறு, காரணம் வேறு. உயரடர்த்திக் கொலஸ்டிரால் குறைவு என்பது பெரும்பாலும் உடலின் பிற சீர்கேடுகளைக் காட்டும் அறிகுறி. தாழடர்த்தித் துகள்களின் மிகுதியோ நோயின் காரணங்களுள் ஒன்று என்பது உறுதியாகியுள்ளது.

ஆகவே, 'எனக்கு நல்ல கொழுப்பு நிறைய உள்ளது. கெட்ட கொழுப்பு உயர்ந்தாலும் கவலையில்லை' என்று ஒருவர் ஆறுதல் கொள்வது பிழை. அவ்வாறு எண்ணி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவோர்க்குத் தீங்கு நேரலாம். ஆசிரியர்கள் இப்பாடத்தை நடத்தும்போது, 'நல்ல', 'கெட்ட' என்பவற்றை அறிமுகச் சொற்களாக மட்டும் ஆண்டு, அடுத்த படியிலேயே துகள்களின் உண்மைப் பெயர்களையும் தொழில்களையும் மாணவர்க்குக் கூறுதல் நலம். எளிய சொல் அறிவின் வாயிலில் நிறுத்தும். உள்ளே அழைத்துச் செல்வது சரியான சொல்லே.