முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்!

மோட்டார் வண்டிகளுள் ஜீப்புக்கு வாய்த்த அதிர்ஷ்டம் வேறெதற்கும் வாய்க்கவில்லை. மற்ற வண்டிகள் பழசானால் இரும்புக் கடைக்குப் போகின்றன. ஜீப் பழசானால் அதன்மேல் மோகம் அதிகமாகிறது. பாட்டனார் எஸ்டேட்டுக்கு ஓட்டிப்போன வண்டியைப் பேரன் தூசு தட்டி எடுக்கிறான். எடுத்ததும் அவன் செய்ய விரும்பும் முதற் காரியம் என்ன? வண்டியை மூன்று அங்குலம் உயர்த்துவது. பெரிய டயர்களை மாட்டுவது. தெருவார் திரும்பிப் பார்க்கும்படி வாசலில் நிறுத்துவது. வாசலில் நிறுத்தி வைப்பதில் அபாயம் ஒன்றுமில்லை. ஓடுகிற வண்டியை நிறுத்துவதில்தான் இருக்கிறது சங்கதி!

ஜீப் யுத்தகளத்துக்கென்று பிறந்தது. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. எஞ்சினுக்கு 60 குதிரைச் சக்தி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். ஒவ்வொரு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக். யுத்தம் ஓய்ந்தபின் பம்பாயில் மஹீந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்புகளை இங்கேயே பூட்டி விற்கத் தொடங்கினர். நாளடைவில் முழு வண்டியையும் நம் நாட்டிலேயே உற்பத்தி செய்தனர். அந்த வம்சத்து வண்டிகள் காட்டிலும் மேட்டிலும் பல்லாண்டு உழைத்தன. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் கரடுமுரடான பாதையைக் கண்டவர்கள், ஜீப் என்றால் என்ன என்பதை நாம் சொல்லக் கேட்க வேண்டியதில்லை.

இத்தகைய வண்டியைப் புதுப்பிப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பிரேக், அடுத்து அச்சு, கடைசியில் ஸ்பிரிங். பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். ஸ்பிரிங்கும் டயரும் கண்ணுக்குத் தெரிபவை. பிரேக் கண்ணுக்குத் தெரியாமல் டிரம்முக்குள் கிடக்கிறது. காரணம் அவ்வளவே.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நாம் போடும் கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்ப்போம். 28 அங்குல டயரைக் கழற்றி 32 அங்குல டயரை மாட்டுகிறோம் என்று கொள்வோம். சக்கரம் பெரிதாகிறது, பிரேக் டிரம் அதே அளவில் இருக்கிறது. பெடலை முன்போலவே மிதித்தாலும் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை எட்டில் ஒரு பங்கு குறைந்து போகிறது. அதோடு, வேகமானி 60 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உலர்ந்த சாலையில், நல்ல பிரேக் உள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 20 மீட்டர் தேவை. 68-லிருந்து நிற்க 26 மீட்டர் வேண்டும். நடுவில் உள்ள அந்த ஆறு மீட்டருக்குள் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வரலாம் அல்லவா?

ஆகவே பிரேக்கிலிருந்து தொடங்குவோம். பழைய ஜீப்புகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழி. நான்கு சக்கரங்களில் எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கும் ஒரே சமயத்தில் கைவிட்டுவிடும். முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று என இரு வழிகள் கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டர் இக்குறையைத் தீர்க்கிறது. அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இத்தகைய பிரிந்த அமைப்பைச் சட்டமே கட்டாயமாக்கியது. பழைய ஜீப்புக்குச் செலவழிக்கும் முதல் ரூபாய் இதற்கே போக வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

டிரம்மை நீக்கி முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துவது நல்ல காரியமே. நீண்ட மலையிறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து, உள்ளேயிருக்கும் ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் கீழே கீழே இறங்குகிறது. ஓடையைக் கடந்து வந்தால் ஈரம் உள்ளே தங்கிப் பிடிப்பைக் கெடுக்கிறது. டிஸ்க்கில் இவ்விரு தொல்லைகளும் மிகக் குறைவு. ஆனால் டிரம் தன் சுழற்சியாலேயே ஷூவை இழுத்துப் பிடித்து உதவும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. எனவே மிதிக்க அதிக பலம் வேண்டும். பெரும்பாலும் பூஸ்டர் ஒன்றும் தேவைப்படும். மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முன், பின் பிரேக்குகளின் பங்கீடும் சரியாக அமைய வேண்டும். பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டினால் வண்டி பம்பரம்போல் திரும்பிவிடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூன்றாம் தரம் எனப்படும் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதியாது. ஈரம் ஏறினால் அவ்வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றுவது பெரிய செலவன்று.

அடுத்தது அச்சு. பின் அச்சில் இருவகை உண்டு. ஒரு வகையில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது. அது முறிந்தால் சக்கரமே கழன்று போகக்கூடும். மற்றொரு வகையில் பாரம் முழுவதையும் வெளிக்குழாயின் மேலுள்ள பேரிங்குகள் ஏற்கின்றன. ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. முறிந்தாலும் சக்கரம் இடத்தைவிட்டு அசையாது. முன்சக்கரங்களின் துணைகொண்டு வீடு வந்து சேரலாம். யுத்தகால ஜீப்பில் இருந்தது இந்த இரண்டாம் வகை. பின்னாளில் வந்த பல ஜீப்புகளில் இருப்பது முதல் வகை. பெரிய டயரின் பாரத்தையும் முறுக்கத்தையும் தாங்க வேண்டியவர்கள் தங்கள் வண்டி எவ்வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். பல்சக்கர விகிதத்தை மாற்றினால் முன், பின் இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். இல்லையேல் நான்கு சக்கர ஓட்டத்தில் இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து மல்லுக்கு நிற்கும். அச்சின் எண்ணெய் சீல் கசிந்தால் அந்த எண்ணெய் போய்ச் சேருமிடம் பிரேக் லைனிங்தான். சில சமயம் காற்றுப் போகும் சிறு துளை அடைபட்டிருப்பதே அந்தக் கசிவுக்கு மூலகாரணமாக இருக்கும்.

கடைசியாக ஸ்பிரிங். பழைய பட்டை ஸ்பிரிங்குகள் தொய்ந்து, பட்டைகள் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கும். அவற்றை மாற்றி, புதிய புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் போட்டாலே வண்டியின் நடை பாதி திருந்திவிடும். உயரம் கூட்டுவது வேறு விஷயம். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல்தான் மேலே போகிறது; அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் குடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வண்டியின் பாரமையமும் மேலே போகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே 48 அங்குலம், பாரமையம் தரையிலிருந்து 24 அங்குலம் என்று கணக்கிற்காகக் கொண்டால், பக்கவாட்டில் 45 டிகிரி சாய்வில்தான் வண்டி கவிழும். மூன்று அங்குலம் உயர்த்தினால் 41 டிகிரி சொச்சத்திலேயே கவிழும். ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்குவதால் நடைமுறையில் இன்னும் முன்னதாகவே கவிழும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஸ்டீயரிங் தண்டு கோணலாகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். புதிதாக முடுக்கிய யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்க வேண்டும்.

சட்டமும் இதில் ஒரு சொல் சொல்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. ஆகையால் பட்டறைக்குப் போகுமுன் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் விசாரித்துக்கொள்வது விவேகம்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நிற்க வேண்டும். பிறகு வழக்கமான சுமையை ஏற்றி மீண்டும் சோதியுங்கள். இவ்விரண்டிலும் தேறிய பிறகு வீட்டாரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்படலாம். பாட்டனாரின் வண்டி பேரன் கைக்கு வந்து சேர்ந்ததென்றால், எத்தனையோ மலையிறக்கங்களில் அது ஒழுங்காக நின்றதுதான் அதற்குக் காரணம்.