மனச்சோர்வு மாத்திரை: கடைசிப் படிதான் கஷ்டம்

சிவகாசிப் பக்கம் ‘பயர் ஆபீஸ்’ என்றால் பட்டாசு ஆலை. அங்கே சரவெடி பின்னும் ஒரு பெண், மனச்சோர்வுக்காக ஒரு வருடமாக எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் வருகிறது, பசிக்கிறது, வேலைக்கும் போகிறார். அட்டை தீர்ந்துபோகிறது. விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. “நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று அப்படியே விட்டுவிடுகிறார்.

சில நாளில் தலை கிறுகிறுக்கிறது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. குமட்டல், காரணமில்லாத அழுகை, விடிய விடியக் கனவு. வீட்டில் “பழைய நோய் திரும்பிருச்சு” என்கிறார்கள்.

திரும்பியிருக்க வேண்டும் என்பதில்லை. மருந்தைக் குறைத்த சில நாளிலேயே, முன்பு இல்லாத உடல் தொந்தரவுகளோடு வந்தால், அது பெரும்பாலும் மருந்து விடுபடும் அறிகுறி. பழைய அளவை மறுபடி தொடங்கினால் சில நாளில் தணியும். மனச்சோர்வு அப்படி வராது. வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கவியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

பாதியாக உடைத்துச் சாப்பிட்டு, பிறகு நிறுத்தினால் போதாதா? சிலருக்குப் போதும். எல்லோருக்கும் போதாது. ஏன் என்பதை மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் விளக்கினார்கள். ஹோரோவிட்ஸ் மனநல மருத்துவம் படித்தவர். இதே எஸ்சிடலோபிராமைத் தானே விட முயன்று அவதிப்பட்டவர். அதன் நெருங்கிய உறவான சிடலோபிராமைப் பாருங்கள். மூளையில் அது பிடிக்க வேண்டிய இடங்களில் 60 மி.கி. சுமார் 88 சதவீதத்தைப் பிடிக்கிறது. 20 மி.கி. கொடுத்தாலும் 80 சதவீதம். ஆக, முதல் 40 மில்லிகிராமைக் குறைத்தால் மூளையில் மருந்தின் பிடி குறைவது 8 சதவீதம். கடைசி 20-ஐ நிறுத்தினால் குறைவது 80 சதவீதம். 5.4 மில்லிகிராம்கூட 60 சதவீதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது! அதனால்தான் கீழே இறங்க இறங்கப் படிகள் சிறிதாக வேண்டும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது குறைப்பதாகாது. இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கித் தொல்லை கூடும். மனச்சோர்வு மருந்துகளில் ஃபுளுவாக்ஸெடின் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் அதை விடுவது சற்று எளிது. பாரக்ஸெடினையும் வென்லாஃபாக்ஸினையும் விடுவது கடினம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைக்கவே கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நீண்டகாலம் மாத்திரை எடுத்து நலமாக இருந்த 478 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு. சிலர் தொடர்வதே நல்லது என்று மருத்துவர் சொன்னால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டாசு வட்டாரத்துக்கு ஒரு தனிக் கவலை உண்டு. வெடிமருந்து செலுத்தும் அறையில் கை நடுங்கினாலோ தலை சுற்றினாலோ அது ஓர் ஆளோடு நிற்காது. குறைக்கும் வாரங்களில் லேபிள் ஒட்டும் வேலை, பெட்டி அடுக்கும் வேலை கேட்டு வாங்குவது நல்லது. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி மாதங்களில் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கவே வேண்டாம்.

மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: “5 மில்லிகிராமுக்குக் கீழே எப்படிக் குறைப்பது? திரவ மருந்து கிடைக்குமா? தொந்தரவு வந்தால் எந்த அளவுக்குத் திரும்ப வேண்டும்?” மாத்திரை தீரும் முன்பே போங்கள். போக முடியாத நாளில் 14416-ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.