கல்பசூத்திரச் சுவடிகளும் பெயரறியா ஓவியரும்

முன்னுரை

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் செல்வர் தம் வழிபாட்டு நூல்களைப் பொன்னாலும் வண்ணத்தாலும் அணிசெய்வித்தனர். அதே காலத்தில் மேற்கு இந்தியச் சுவேதாம்பரச் சமணர் கல்பசூத்திரத்தை அவ்வாறே அணிசெய்வித்தனர். பத்திரபாகு இயற்றியதாகக் கருதப்படும் இந்நூல் மகாவீரர் முதலிய தீர்த்தங்கரரின் வரலாற்றைக் கூறுவது; பர்யூஷணப் பெருநாளில் ஓதப்படுவது. தமிழ்ச் சமணர் திகம்பரர் ஆதலின் இந்நூல் தமிழகத்தில் மிகுதியும் பயிலப்படவில்லை. இச்சுவடிகளைத் தீட்டிய ஓவியரின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுவடியின் அமைப்பு

தமிழகத்தார் எழுத்தாணியால் ஓலையில் கீறி எழுதினர். மேற்கு இந்தியர் மையால் எழுதினர். மையை ஏற்ற பரப்பு வண்ணத்தையும் ஏற்றது. 14ஆம் நூற்றாண்டு முதல் ஓலையின் இடத்தைக் காகிதம் படிப்படியாகப் பெற்றது. எனினும் ஓலையின் நீண்டு குறுகிய வடிவம் மாறவில்லை. கயிறு கோக்கும் துளைக்குத் தேவை இல்லாதபோதும் அத்துளையின் இடத்தில் வட்டப் பொட்டு அணியாக நிலைத்தது.

எழுத்தரும் ஓவியரும்

எழுத்தர் முதலில் நூலைப் படியெடுத்துப் படத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டார். எப்படம் வரைய வேண்டும் என்பதை ஏட்டின் ஓரத்தில் சிறு குறிப்பாகவோ கோட்டுருவமாகவோ சுட்டுவதும் உண்டு. ஓவியர் அதன்பின் அவ்விடத்தை நிரப்பினார். நூலின் இறுதிக்குறிப்பு எழுத்தரின் கையில் இருந்தது. அதில் முதன்மை பெற்றவர் கொடையாளர். நூலை எழுதுவித்து வழங்குதல் சாத்திரதானம் எனப் போற்றப்பட்டமையே இதற்குக் காரணம். 1465இல் ஜான்பூரில் பொன்மையால் எழுதப்பட்ட சுவடி இதற்குத் தக்க சான்றாகும். அதனை எழுதுவித்த ஹர்ஷிணி என்னும் பெண்மணியையும் எழுதிய வேணிதாசரையும் நாம் அறிவோம், ஓவியரை அறியோம்.

இத்தாலியில் நிலை வேறு. கர்தினால் அலெசாண்ட்ரோ ஃபர்னேசேயின் வழிபாட்டு நூலை 1546இல் தீட்டி முடித்தவர் ஜூலியோ குளோவியோ. வசாரி 1568இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்றுப் பதிப்பில் அவர் இடம்பெற்றார். அந்நூலை அவர் கையில் ஏந்திச் சுட்டுவதாக எல் கிரேக்கோ வரைந்த உருவப்படமும் உள்ளது.

தமிழகச் சான்று

சித்தன்னவாசல் குடைவரைக் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அதனைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயரைத் தருகிறது. தாமரைப் பொய்கையைத் தீட்டியவரின் பெயரோ கிடைக்கவில்லை. அங்கும் கல்வெட்டின் நோக்கம் திருப்பணியைப் பதிவதே.

முடிவுரை

இறுதிக்குறிப்பு கொடையின் ஆவணம். அதில் ஓவியர் பெயர் இல்லாமையைக் கொண்டு அவரது மதிப்பை அளத்தல் பொருந்தாது. அதனை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு கொடையாளர் வரலாறாகவே முடியும். ஓவியரின் பணிமுறையை ஏட்டோரக் குறிப்புகளும் வண்ணத்தின் அடியில் தெரியும் கோடுகளும் உணர்த்தவல்லன. ஏடுகள் தனித்தனியே பிரிந்து பல காட்சியகங்களுக்குச் சென்றுவிட்ட இந்நாளில், படத்தை மட்டும் காட்டி ஏட்டின் ஓரத்தைச் சட்டத்துள் மறைப்பது எஞ்சிய அச்சான்றையும் மறைப்பதாகும். ஏட்டின் முழுப்பரப்பையும் ஒளிப்படமாக்கிப் பதிப்பித்தல் இத்துறையில் முதற்கண் செய்யத்தக்கது.