எல்எஸ் காணாமல் போன இரவு

இந்தக் கிழமை எபிசோடில் ஷெல் பற்றிக் கதைக்கேக்க நான் சொல்லாமல் விட்ட கதை ஒண்டு இருக்கு.

லினக்ஸுக்கு வந்து மூண்டாவது கிழமை. விடிஞ்சால் கம்பஸில் அசைன்மென்ட் குடுக்கவேணும். ஒரு வீடியோவில் காட்டின வரியை .பாஷ்ஆர்சி கோப்பின்ர கடைசியில் ஒட்டிப்போட்டு, டெர்மினலை மூடித் திறந்தன். எல்எஸ் இல்லை எண்டுது. நானோ இல்லை, பைதனும் இல்லை. லப்டொப்பில் இருந்த எல்லாம் அழிஞ்சு போச்சு எண்டுதான் நினைச்சன்.

ஒண்டும் அழியேல்லை. பாத் எண்டது, கட்டளைகளை எங்கெங்க தேடவேணும் எண்டு ஷெல்லிட்ட இருக்கிற பட்டியல். என்ர வரி அதில புது ஃபோல்டரைச் சேர்க்கேல்லை. முழுப் பட்டியலையும் எறிஞ்சுபோட்டு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் வைச்சது. சமக்குறிக்குப் பிறகு வரவேண்டிய டாலர் பாத்தையும் முக்காற்புள்ளியையும் நான் விட்டிட்டன். சிடியும் எக்கோவும் மட்டும் வேலை செய்தது, ஏனெண்டா அவை பாஷுக்குள்ளேயே இருக்கிறவை.

வெட்கம் என்னெண்டா, உபுண்டு அப்பவே பதிலை எழுதிக் காட்டினது: எல்எஸ் இன்ன இடத்தில இருக்கு, அந்த இடம் உங்கட பாத்தில் இல்லை. நான் வாசிக்காமலே பயந்தன். முழு விலாசத்தோட /யுஎஸ்ஆர்/பின்/நானோ எண்டு அடிச்சு, வரியைத் திருத்தி முடிய இரவு 2 மணி.

டெர்மினல் ஜன்னல் திறக்கிற நேரமெல்லாம் பாஷ் வாசிக்கிறது .பாஷ்ஆர்சியை. லாகின் ஷெல் எண்டால் முதலில் .பாஷ்_புரொஃபைலைத் தேடும், அது கிடைச்சால் உபுண்டு தந்த.புரொஃபைலை எட்டியும் பார்க்காது. இதில கனபேர் மாட்டுப்படுகினம். (அந்த 'ஆர்சி', 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ்ஸில் இருந்த 'ரன்காம்' எண்ட வசதியின்ர மிச்சம்.)

இப்ப நான் எதை மாத்தினாலும் பழைய ஜன்னலை மூடுறேல்லை, புதுசொண்டைத் திறந்துதான் பார்க்கிறன். பழையதில் பழைய பாத் அப்படியே இருக்கும். எல்லாம் குழம்பினாலும் /ஈடிசி/ஸ்கெல்லுக்குள்ள தொடக்கத்தில் வந்த .பாஷ்ஆர்சியின்ர பிரதி கிடக்கு.

என்ர கோப்பில் நானே எழுதின வரிகள் ஆறு. ஒண்டு ஏலியாஸ்: 'காணும்' எண்டு அடிச்சால் டெர்மினல் மூடும். இரவு 12 மணிக்கு அம்மா கதவடியில் நிண்டு சொல்லுற அதே சொல்.